இரண்டு கட்சிக்கும் ஒரே தொண்டை

ஆனையூரிலிருந்து எழுமலை வரைக்கும் தனிஸ்லாஸின் குரலைக் கேட்காத காது கிடையாது. ஆனால் அவர் முகம் யாருக்கும் தெரியாது. காலையில் ஆட்டோவில் வந்து ஆடித் தள்ளுபடியை அறிவிப்பவர் அவர்தான். மத்தியானம் நாளைக்குக் கரண்ட் இருக்காது என்று பயமுறுத்துபவரும் அவர்தான். சாயங்காலம் யாரோ ஒரு பெரியவர் இயற்கை எய்தினார் என்று தெருத் தெருவாகத் தழுதழுத்துக்கொண்டு போவதும் அவரே. எல்லாம் முன்கூட்டியே பதிவு செய்த குரல் என்பதால், மனிதர் அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். தன் குரல் தெருவில் போவதைக் கேட்டால், "அந்த 'மாபெரும்'ல காத்து கம்மி" என்று தன்னைத் தானே குறை சொல்லிக்கொள்வார்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் வண்டிக்கு ஆள் கூப்பிடுவதில் ஆரம்பித்த பிழைப்பு இது. "தேனி, தேனி, ஆண்டிபட்டி தேனி" என்று அவர் கூவிய கூவலில், திண்டுக்கல் துக்க வீட்டுக்குப் போக வேண்டிய ஒரு குடும்பம் மாலையும் கையுமாகத் தேனி வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டே இதைப் பார்த்த சவுண்டு செட் பேயாண்டி, கிளாஸை வைத்துவிட்டு வந்து அவர் தோளில் கை போட்டார்.

"மாப்ள, இந்தத் தொண்டைய வச்சுக்கிட்டு பஸ்ஸுக்கு ஆள் ஏத்திக்கிட்டு இருக்கியே. என்கூட வா, கட்சிக்கே ஆள் ஏத்தலாம்."

பேயாண்டி ஆரப்பாளையத்திலேயே ஒரு லாட்ஜின் மாடியில் அறை பிடித்தார். சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரெல்லாம் லாட்ஜின் பழைய மெத்தைகளை அடித்தார். வாசலில் ரெக்கார்டிங் தியேட்டர் என்று போர்டு மாட்டினார். மெத்தைகளோடு மூட்டைப்பூச்சிகளும் வந்திருந்தன. தனிஸ்லாஸின் ஆரம்பகாலப் பதிவுகளில் திடீர் திடீரென்று உணர்ச்சி பொங்குகிறதே, அதற்குக் காரணம் கலை அல்ல.

தேர்தல் வந்துவிட்டால் அவருக்குக் கட்சி பேதம் கிடையாது. காலையில் ஒரு கட்சிக்காக அடுத்த கட்சியைக் கிழிப்பார். நடுவில் வெந்நீர் குடிப்பார். மத்தியானம் அடுத்த கட்சிக்காக முதல் கட்சியைக் கிழிப்பார். இரண்டுக்கும் ஒரே அக்கறை. ஒருமுறை எழுமலைக் கடைவீதியில், நடுவே ஒரு லாரி நின்றுவிட, இரண்டு கட்சி ஆட்டோக்களும் எதிரெதிரே மாட்டிக்கொண்டன. "துரோகிகளே, மக்களுக்குப் பதில் சொல்லுங்கள்!" என்று ஒரு ஸ்பீக்கர் கேட்டது. "பதில் சொல்ல நாங்கள் தயார், கேட்க நீங்கள் தயாரா?" என்று அதே தொண்டை எதிர்ப்பக்க ஸ்பீக்கரில் திருப்பிக் கேட்டது. சந்தைக்கு வந்த சனம் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தது. இரண்டு பக்கத்துக்கும் கை தட்டிவிட்டுத்தான் கலைந்தது.

இத்தனை பேசுகிற மனிதருக்கு ஒரு விசித்திரம் உண்டு. சொந்த விஷயம் பேசினால் திக்கும். சின்ன வயதில் எல்லாப் பேச்சுமே திக்கியது. அம்மா போன பிறகு அவரை வளர்த்தது அக்கா பிலோமினாள். அவள்தான் தினமும் செய்தித்தாளைக் கையில் திணித்து உரக்கப் படிக்க வைத்தாள். அடுத்தவர் எழுதியதை, அடுத்தவர் மாதிரி படித்தால் வார்த்தை தடையில்லாமல் ஓடும் என்று அக்காவும் தம்பியும் அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். திக்கல் போயே போய்விட்டது என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். போகவில்லை. எனக்கு இது வேண்டும், இது பிடிக்கவில்லை, தப்பு என்னுடையது என்பது மாதிரி வாக்கியங்களுக்கு மட்டும் வந்து குறுக்கே நிற்கும். தனிஸ்லாஸ் அந்த மாதிரி வாக்கியங்களையே வாழ்க்கையிலிருந்து எடுத்துவிட்டார். பெண் பார்த்துவிட்டு வந்த அன்று, பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்குக் கூடத் தலையைத்தான் ஆட்டினார். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அறிவிப்புக் குரலில் ஒரே தீர்ப்பு: "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு."

வீடு ஆனையூரில். கீழே தனிஸ்லாஸும் மனைவி எஸ்தரும், மாடியில் அக்கா பிலோமினாள். மகளைத் திருச்சியில் கட்டிக்கொடுத்தாயிற்று. பிலோமினாள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மிஷன் பள்ளியில் விலங்கியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எஸ்தர் இன்னொரு மிஷன் பள்ளி ஆபீஸில் கிளார்க். அக்கா ஆர்.சி. கத்தோலிக்கம், மனைவி மாதாவைக் கும்பிடாத சி.எஸ்.ஐ. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெண்களும் ஆளுக்கொரு திசையில் போவார்கள். தனிஸ்லாஸ் ஒரு வாரம் இவளோடு, ஒரு வாரம் அவளோடு. இதிலும் அவர் இரண்டு கட்சிதான்.

உலகம் எப்படி உண்டானது என்பதில் மட்டும் நாத்தனாருக்கும் எஸ்தருக்கும் ஒத்து வரவே வராது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குத் தவளையை அறுத்துக் காட்டிய பிலோமினாள், "மனுசனுக்கும் குரங்குக்கும் மூதாதை ஒண்ணுதான். ஆண்டவர் வேலை செய்யிற விதம் அதுன்னா உனக்கு என்ன நட்டம்?" என்பாள். எஸ்தருக்கு ஆறு நாள் என்றால் ஆறே நாள். "என் வம்சத்துல குரங்கு கிடையாது மதினி. நான் வாழ்க்கப்பட்டு வந்த வீட்டப் பத்தி நீங்கதான் சொல்லணும்" என்பாள். சொல்லிவிட்டு இரண்டு பேரும் சிரிப்பார்கள். ராத்திரி ஒரே சட்டியில்தான் குழம்பு, மூன்று பேருக்கும் சேர்த்து.

இப்படி இருந்த வீட்டுக்குள்தான் அந்த ஆவணப்படம் வந்து புகுந்தது.

அதை எடுத்தவன் அருண்பாண்டி என்ற மதுரைப் பையன். உயிரினங்கள் பரிணாமத்தால் வந்தனவா, அறிவுள்ள ஒருவர் திட்டமிட்டு வடிவமைத்தாரா என்ற வாதத்தைப் படமாக்கியிருந்தான். ஒரு பக்கம் ஓர் உயிரியல் பேராசிரியர், மறுபக்கம் ஓர் என்ஜினியர். இருவரும் இங்கிலீஷில் பேசியிருந்தார்கள். மதுரைக் கல்லூரிகளில் திரையிடத் தமிழில் குரல் வேண்டும். இரண்டு குரல் போட வசதியில்லை. "ஒரே ஆள் ரெண்டு பக்கமும் பேசணும்" என்று அவன் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, பேயாண்டி சத்தம் போட்டுச் சிரித்தார். "தம்பி, அதுக்குன்னே ஒரு ஆள நான் வளத்து வச்சிருக்கேன்."

தனிஸ்லாஸ் பேராசிரியருக்குத் தேர்தல் குரலைக் கொடுத்தார். என்ஜினியருக்கு நகைக்கடைக் குரலைக் கொடுத்தார். "நமது கண்ணில் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. எந்த வடிவமைப்பாளராவது இப்படி வைப்பாரா?" என்று பேராசிரியர் சாதாரணமாகக் கேட்டதை, எதிர்வேட்பாளரின் டெபாசிட் போகும்படி கேட்டார். "ஒரு பாக்டீரியாவின் வால், நுணுக்கமான மோட்டாரைப் போல் சுழல்கிறது" என்று என்ஜினியர் சொன்னதைக் கேட்டால், செய்கூலி சேதாரம் இல்லாமல் ஒன்று வாங்கலாம் என்று தோன்றியது.

"அண்ணே, ஓட்டுக் கேக்காதீங்கண்ணே" என்று கெஞ்சினான் அருண்பாண்டி. "ரெண்டு பேரும் படிச்சவங்க. அமைதியாப் பேசுவாங்க."

அமைதியாகப் பேசிப் பழக்கமில்லாதவர் வீட்டில் பயிற்சி எடுக்க வேண்டியதாயிற்று. மாடிப்படி திரும்பும் இடத்தில் குரல் நன்றாக எதிரொலிக்கும். அங்கே நின்றுதான் எப்போதும் பயிற்சி. அந்த இடத்துச் சுவரில் ஒரு மாடம். மாடத்தில் மாதா சொரூபம். அவர்களுடைய அம்மா வேளாங்கண்ணியிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தது. பிலோமினாள் தினமும் அதற்குப் பூ வைப்பாள். "பொம்மைக்கு எதுக்கு மதினி இம்புட்டு மல்லிகை?" என்று எஸ்தர் ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டாள். அந்த ஒரு வார்த்தைதான் பிற்பாடு வினையாக வந்து நின்றது.

பிலோமினாள் மளிகைக்குப் போயிருந்த ஒரு காலை நேரம். எஸ்தர் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தனிஸ்லாஸ் படியில் நின்று பேராசிரியர் பேச்சை எடுத்தார். "பல கோடி ஆண்டுகள். சின்னச் சின்ன மாற்றங்கள். போதும்! தள்ளிவிட ஒரு கை தேவையே இல்லை!" என்றார். பேசும்போது பழக்கதோஷத்தில் வலது கை மேலே எழும்பி, மேடைப் பேச்சாளர் மாதிரி ஒரு வீச்சு வீசியது. புறங்கை மாதாவின் மேல் பட்டது. சொரூபம் படியின் கைப்பிடிக் கம்பிக்கு வெளியே போய்க் கீழ்த் தரையில் விழுந்து, தலை வேறு உடல் வேறாகக் கிடந்தது.

தனிஸ்லாஸுக்கு அம்மாவின் மடி ஞாபகம் வந்தது. அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. பிறகு அவர் செய்த காரியத்தை நியாயப்படுத்த என்னால் முடியாது. மனிதர் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு ஆரப்பாளையத்துக்கு ஓடிவிட்டார். சாயங்காலம் வந்து பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது திட்டம்.

சத்தம் கேட்டு ஓடிவந்த எஸ்தர், சோப்பு நுரை வழியும் கையால் மாதாவின் தலையைப் பொறுக்கி எடுத்தாள். அந்த நேரம் பார்த்து வாசல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள் பிலோமினாள்.

சாயங்காலம் தனிஸ்லாஸ் வீட்டுக்குள் நுழைந்தபோது போர் உச்சத்தில் இருந்தது.

"அவரு அதுக்கு முன்னாலயே கிளம்பிப் போயிட்டாரு, அது தானா விழுந்துச்சு மதினி" என்றாள் எஸ்தர். "ரோட்டுல போற லாரி ஒவ்வொண்ணுக்கும் வீடே அதிருது. கொஞ்சம் கொஞ்சமா, கொஞ்சம் கொஞ்சமா நகந்து வந்துருக்கும். எம்புட்டு வருசமா நகந்துச்சோ, நாம கவனிக்கல. இன்னைக்கு விளிம்பு வந்துருச்சு, விழுந்துருச்சு."

"சொவத்தோட ஒட்டி நின்ன சொரூபம்" என்றாள் பிலோமினாள், வகுப்பெடுக்கும் குரலில். "மாடத்தத் தாண்டி, கைப்பிடிக் கம்பியையும் தாண்டி அங்கிட்டு விழுந்துருக்கு. இம்புட்டும் ஒண்ணா அமைஞ்சு தானா நடக்குமாக்கும்? இதுக்குப் பின்னால ஒரு புத்தி வேலை செஞ்சிருக்கு. ஒரு கை இருந்துருக்கு. மாதாவப் பொம்மைன்னு சொன்னவ கை."

இருவரும் ஒரே நேரத்தில் தனிஸ்லாஸைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். நா என்ற எழுத்தில் நாக்கு மாட்டிக்கொண்டது. அதற்கப்புறம் வந்தது என்னவோ பழைய தீர்ப்புத்தான்.

"ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு."

எஸ்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். பிலோமினாள் உடைந்த துண்டுகளை அம்மாவின் பழைய சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு மேலே போனாள். அன்றிலிருந்து வீட்டில் இரண்டு சட்டி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாழ்நாள் முழுக்கப் பரிணாமத்தைக் கற்பித்த டீச்சரம்மா, தானாக எதுவும் நடக்காது, யாரோ திட்டம் போட்டுத்தான் செய்தார்கள் என்று சாதிக்கிறாள். ஆறு நாளில் உலகத்தைப் படைத்தார் என்று நம்புகிறவள், எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தானாக நடந்தது, எந்தக் கையும் இல்லை என்கிறாள். இருவரும் ஒருவர் கட்சியை ஒருவர் எடுத்துக்கொண்டார்கள் என்பது இருவருக்குமே தெரியவில்லை. இரண்டு பக்க வசனமும் மனப்பாடமான தனிஸ்லாஸுக்குத் தெரிந்தது. ஆனால் சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை. இருவரும் பாதி சரி என்பதும் அவருக்கு மட்டும்தான் தெரியும். கை ஒன்று இருந்தது, புத்திதான் இல்லை.

படத்தின் வேலை முடியவில்லை என்பதால் பயிற்சியையும் நிறுத்த முடியவில்லை. அவர் கீழ் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, "தற்செயலாக இத்தனை நேர்த்தியாக எதுவும் நிகழ முடியாது" என்று என்ஜினியர் பேச்சை எடுத்தால், மாடியிலிருந்து பிலோமினாள், "சரியாச் சொன்னான்!" என்று சத்தம் கொடுப்பாள். "தள்ளிவிட ஒரு கை தேவையே இல்லை" என்று பேராசிரியர் பேச்சுக்கு வந்தால், அடுப்படியிலிருந்து எஸ்தர், "காது இருக்குறவுக கேட்டுக்கிரட்டும்!" என்பாள். பேச்சுவார்த்தை நின்றுபோன இரண்டு பேரும், நடுவில் இவர் தொண்டையை வைத்துத்தான் சண்டை போட்டார்கள்.

பிறகு ஒரு நாள் பிலோமினாள் தம்பியை மேலே கூப்பிட்டாள். திண்டுக்கல்லில் கன்னியர்கள் நடத்தும் இல்லம் ஒன்றில் இடம் கேட்டிருப்பதாகவும், கிடைத்துவிட்டதாகவும் சொன்னாள். படம் திரையிடுகிற சனிக்கிழமைக்கு மறுநாள் வேன் வரும்.

"அம்மா கொண்டாந்தத உடச்சுட்டு, உடைக்கலைன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்றா. உடச்சது கூடப் பரவால்லடா தனிசு. அந்தப் பொய்யத்தான் என்னால தாங்க முடியல. நீ அவ கூட நல்லா இரு."

"அக்கா, அ... அது... நா..."

"அழுவாத. போய் வேலையப் பாரு."

அவர் அழவில்லை. சொல்ல வந்தது வெளியே வராமல் முட்டிக்கொண்டு நின்றது. ஆனால் அக்கா அப்படிப் புரிந்துகொண்டபின் உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது.

அதன்பின் அவர் படாத பாடு இல்லை. காப்பி கொண்டுபோகிற சாக்கில் மேலே போவார். வாயைத் திறப்பதற்குள், "வச்சுட்டுப் போ" என்பாள் அக்கா. எஸ்தரிடமாவது சொல்லலாம் என்றால், பழி அவள் தலையில் விழுந்து இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு என்ன பதில்? முதல் நாள் ஒரு தப்பாக இருந்தது, தினமும் ஒன்று சேர்ந்து, இப்போது எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசியில் பேயாண்டியின் ஸ்டுடியோவில் தனியாக உட்கார்ந்து பதிவு செய்து பார்த்தார். "அன்பார்ந்த அக்கா அவர்களே! சொரூபத்தைச் சாய்த்த கை, தங்கள் அன்புத் தம்பியின் கையே என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்!" ஒரு இடத்தில் கூடத் திக்கவில்லை.

வெளியிலிருந்து எட்டிப் பார்த்தார் பேயாண்டி. "எந்தக் கட்சிக்கு மாப்ள இது? கை சின்னமா?"

தனிஸ்லாஸ் அதை அழித்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் கல்லூரி அரங்கம் நிறைந்துவிட்டது. மாணவர்கள், பாதிரியார்கள், பாஸ்டர்கள், கடவுள் இல்லை என்று சொல்கிறவர்கள், அவர்களைப் பார்க்க வந்தவர்கள். பிலோமினாள் வந்திருந்தாள். பாடத்தில் தம்பி எங்காவது தப்பு சொல்லியிருக்கிறானா என்று பார்க்க வேண்டுமே. எஸ்தரும் வந்திருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் புருசன் பெயர் திரையில் வருகிறது, கோபம் இருந்தாலும் அதைப் பார்க்காமல் இருப்பாளா? ஒரே வரிசையில் அந்தக் கோடியில் ஒருத்தி, இந்தக் கோடியில் ஒருத்தி. நடுவே ஊரே உட்கார்ந்திருந்தது.

படம் ஓடியது. பேராசிரியர் எலும்புகளைக் காட்டினார், என்ஜினியர் கேள்விகளைக் காட்டினார். அருண்பாண்டி எத்தனை கெஞ்சியும் தனிஸ்லாஸின் தொண்டை தன் பழக்கத்தை முழுதாக விடவில்லை. பேராசிரியர் ஒரு வாக்கியத்தை முடித்தால் பாதி அரங்கம் கை தட்டியது, என்ஜினியர் முடித்தால் மீதி. "தள்ளிவிட ஒரு கை தேவையே இல்லை!" என்று அரங்கம் அதிரத் தன் குரலே ஒலித்தபோது, கடைசி வரிசையில் இருந்த தனிஸ்லாஸ் தன் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

விளக்கு எரிந்ததும் கலந்துரையாடல். நடத்தி வைக்க அப்துல் வஹீது என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் மேடையில் இருந்தார். முதல் கேள்வியே கோபமாக வந்தது.

"ரெண்டு பக்கமும் ஒரே குரலா இருக்கே! இது என்ன சார் நியாயம்? அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் எந்தப் பக்கம்னு தெரிஞ்சாகணும்."

"நல்ல சவால்" என்று சிரித்தார் வஹீது. "அவரு இங்கதான் இருக்காராம். அவரையே கேட்டுருவோம். ஜனாப் தனிஸ்லாஸ், மேல வாங்க."

தனிஸ்லாஸ் மேடை ஏறினார். ஒல்லியான, வழுக்கை விழுந்த, முழுக்கைச் சட்டை போட்ட ஒரு சின்ன மனிதர். "இந்த ஆளுக்குள்ளருந்தா அம்புட்டுச் சத்தம் வருது?" என்று யாரோ வாய்விட்டுச் சொன்னார்கள். மைக் கைக்கு வந்ததும் தொண்டை தானாக ஓடத் தொடங்கிற்று.

"அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, வருங்காலத் தூண்களே! இரண்டு பக்கமும் நியா..."

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. காலையில் சீக்கிரம் எழுந்து வேனில் ஏற வேண்டியவள். இந்தக் கோடியில் எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள். இந்த வாக்கியத்தை அவள் எத்தனை தடவை கேட்டிருக்கிறாள்.

தனிஸ்லாஸ் நிறுத்தினார். மைக்கை மேசையில் வைத்தார். அது இருந்தால் அந்தக் குரல்தான் வரும், இந்தக் குரல் வராது.

"அ... அ... அக்கா."

சில பேர் சிரித்தார்கள், மிமிக்ரி என்று நினைத்துக்கொண்டு.

"மா... மாதாவ... நா... நா..."

"மைக்கப் பிடிங்கண்ணே! சத்தம் பத்தல!" என்று பின்வரிசை கத்தியது. மைக் வேலை செய்யவில்லை என்று நினைத்து அருண்பாண்டி இன்னொரு மைக்கோடு ஓடிவந்தான். தனிஸ்லாஸ் அவனைத் தள்ளி நிறுத்தினார். நெற்றியில் நரம்பு புடைத்தது. கழுத்து இழுத்தது. ஒவ்வோர் எழுத்தையும் உள்ளேயிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

"நா... நான்தான்க்கா த... தள்ளுனேன். கை ப... பட்டுருச்சு. எஸ்தரு இ... இல்ல."

எதைத் தள்ளினார், யார் எஸ்தர், இது எந்தக் கட்சியின் வாதம் என்று அரங்கத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அதற்குள் ஒரு மாணவன் எழுந்து, "முதல் தள்ளு யாரு தள்ளுனதுங்கிறதுதான சார் கேள்வியே!" என்று ஆரம்பிக்க, வஹீது அவனை உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

பிலோமினாள் எழுந்து நின்றுவிட்டாள். அடுத்தவர் வார்த்தையைப் பேசினால் இவன் திக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்கு உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. எஸ்தரைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்கிறானோ என்று சந்தேகப்படக்கூட அவன் வழி வைக்கவில்லை.

"எந்தக் கை?" என்று நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்.

தனிஸ்லாஸ் வலது கையை உயர்த்தினார். வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரிதான் இருந்தது.

"எப்ப?"

"ப... பயிற்சி பண்றப்ப."

"அப்பறம் ஏன்டா இத்தன நாளா வாய்ல கொழுக்கட்டைய வச்சிருந்த? அந்தப் புள்ளைய நான் என்னென்ன பேச்சுப் பேசினேன்! பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

தனிஸ்லாஸ் அத்தனை பேருக்கு முன்னால் மேடையில் நின்று, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் பல நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிவிட்டது, அதுவும் உண்மை.

பிலோமினாள் வரிசையின் இந்தக் கோடியை நோக்கி நடந்தாள். உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். எஸ்தருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எஸ்தரு, சொல்லக் கூடாததெல்லாம் சொல்லிட்டேன் உன்ன."

"பொய்க்காரின்னு சொல்லிட்டீங்களே மதினி" என்றாள் எஸ்தர். கண் நிறைந்து வழிந்தது. "அதுதான் தூக்கமே வரல."

"தப்புத்தான்டி. மன்னிச்சிரு."

எஸ்தர் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சரி, அத வீட்டுல போய்ப் பேசிக்கிருவோம். மொதல்ல அந்த வேன்காரனுக்குப் போனப் போட்டு வர வேணாம்னு சொல்லுங்க. அப்பறம் இந்த மனுசன என்ன செய்யிறதுன்னு நாம ரெண்டு பேரும் உக்காந்து ஒரு முடிவு எடுப்போம்."

"எடுக்கணும்" என்றாள் பிலோமினாள், மேடையைப் பார்த்தபடி. "நல்லா எடுக்கணும்."

இருவரும் சேர்ந்து வெளியே நடந்தார்கள். வாசல் வரைக்கும் பேச்சு அவரைப் பற்றித்தான், ஒரு வார்த்தை நல்லதாக இல்லை. பின்னால் அரங்கத்தில் வாதம் மறுபடி சூடு பிடித்துவிட்டிருந்தது. குரலுக்குச் சொந்தக்காரர் எந்தப் பக்கம் என்ற கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். தனிஸ்லாஸ் மேடையிலிருந்து குதித்து, அருண்பாண்டி கூப்பிடக் கூப்பிட, கல்லூரி வாசல் கேட்டை நோக்கி ஓடினார்.

அவர் போய்ச் சேர்வதற்குள் இருவரும் ஆட்டோவில் ஏறியிருந்தார்கள். உள்ளே ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. நகர்ந்து கொடுக்க இருவருக்கும் மனம் இல்லை. எஸ்தர் அவரைப் பார்க்காமல் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "போங்கண்ணே" என்று டிரைவரிடம் சொன்னாள். ஆட்டோ கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் பிலோமினாள் தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"டேய் தனிசு! வாரப்ப பால் வாங்கிட்டு வா. மூணு பேருக்கு வாங்கு."